கொல்லிமலையும் மின்னணு மருத்துவக் குறிப்பேடும்

கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலையை, வல்வில் ஓரி ஆண்ட நாடென்றும், சித்தர்கள் மூலிகை தேடிய வனமென்றும், அறப்பளீசுவரர் எழுந்தருளியுள்ள க்ஷேத்திரமென்றும் நாம் அறிவோம். அதே மலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த சிற்றூர்களில், பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினராகிய சுமார் 40,000 மக்கள் சாமையும் மிளகும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கிறார்கள் என்பதும், அவர்களுக்கும் பிரசவமும் காய்ச்சலும் சர்க்கரை நோயும் உண்டு என்பதும் அத்தனை எளிதில் நம் நினைவுக்கு வருவதில்லை. இம்மக்களின் சிகிச்சை அநுபவத்தைக் கணினிக் குறிப்பேடு எவ்வாறு மாற்றிவருகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். பெருநகரத்து ஆஸ்பத்திரிகளை முன்வைத்தே இது பெரிதும் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் ஒரு சாதனத்தின் உண்மையான தரம் அதனை அடைவதற்கு மிகவும் சிரமப்படுகிறவரிடத்தில்தான் வெளிப்படும் என்று நான் உறுதியாக நம்புவதால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்று சேரக்கூடிய செம்மேட்டையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் இந்த ஆராய்ச்சிக்கு இடமாகக் கொள்கிறேன்.

நோயாளியைப் பற்றிய குறிப்பு கணினியோடு பிறந்ததன்று. நாடி பார்த்து மருந்து கொடுத்த பரம்பரை வைத்தியர் ஒரு குடும்பத்தின் உடல்வாகைப் பாட்டன் காலத்திலிருந்து தம் ஞாபகத்திலேயே வைத்திருந்தார். அவர் மறைந்தால் அதுவும் அவரோடு மறைந்தது. அரசு ஆஸ்பத்திரி வந்த பிறகு அந்த ஞாபகம் ஓ.பி. சீட்டாகவும், கேஸ் ஷீட்டாகவும், கர்ப்பிணிக்குக் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையாகவும், மாதந்தோறும் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்குகிறவர் மடியில் செருகி வரும் நோட்டாகவும் உருவெடுத்தது. மலைமேல் ஆண்டில் பல மாதங்கள் மழையும் பனியும் உண்டாகையால், கூரை இடுக்கில் சொருகிய காகிதம் நனைந்து மை கலைவதும், நள்ளிரவில் வலி கண்டு புறப்படும் அவசரத்தில் அட்டை வீட்டிலேயே தங்கிவிடுவதும் சகஜமான காரியங்கள். எனினும் அந்தக் காகிதத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. அது நோயாளியின் கையில் இருந்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே சுமந்து செல்லவும், படித்த பிள்ளை ஒருவனிடம் காட்டிக் கேட்கவும், வேண்டாத இடத்தில் காட்டாமல் மறைக்கவும் அவளுக்குச் சுதந்திரம் இருந்தது. பின்னால் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே செல்கிறது.

கணினிக் குறிப்பேட்டின் சரித்திரத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, அவ்வரிசையை அநுசரித்தே வைத்தியர் குறிப்பெழுத வேண்டும் என்று லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் 1968-இல் வற்புறுத்தினார். 1972-இல் இண்டியானாபொலிஸ் நகரத்து ரீகன்ஸ்ட்ரீஃப் ஸ்தாபனத்தில் அத்தகைய குறிப்பேடு கணினியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் இதற்கான தர விதிகளை வெளியிட்டு 2016-இல் திருத்தியது; ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதுக்குமாகத் தொடங்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 14 இலக்கங்கொண்ட ‘ஆபா’ எண்ணை வழங்கத் தலைப்பட்டது. தமிழ்நாடு இதற்கு நெடுநாள் முன்பே இவ்வழியில் அடியெடுத்து வைத்துவிட்டது. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பின்தொடர்ந்து பதிவு செய்யும் ‘பிக்மி’ என்ற ஏற்பாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் செல்லும் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, அளந்ததைப் பதிவும் செய்கிறார்கள். ஆகவே கொல்லிமலைப் பெண்ணொருத்தி கணினியைக் கண்ணால் கண்டிராவிட்டாலும், கணினி அவளை அறியும்.

இதனால் விளையும் நன்மை அற்பமானதன்று. ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொண்டால் அவளுக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, ஸ்கேன் முடிவு ஆகியவை ஒவ்வொரு வருகையிலும் அந்த எண்ணின்கீழ் சேர்கின்றன. ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலோ, முந்தின பிரசவம் ஆபரேஷனாக இருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறினாலோ, அவள் அபாயம் மிகுந்த கர்ப்பிணியென்று குறிக்கப்படுகிறாள். பிரசவ நாள் நெருங்கும்போது அவளை எங்கே சேர்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க முடிகிறது. சமவெளியில் இந்த முன்னறிவு ஒரு சௌகரியம். மலையிலோ அது உயிர். செம்மேட்டிலிருந்து நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர். ஊரிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் நடந்தோ தூக்கிவரப்பட்டோ சேர்ந்து, 108 வண்டியில் ஏறி, வளைவு வளைவாக இறங்கிச் செல்லும் ஒரு தாயின் இரத்த வகையும், சென்ற வாரத்து இரத்த அழுத்தமும் அவளுக்கு முன்பாகவே நாமக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ அறையைச் சென்று அடையுமானால், அங்கே முதல் பரிசோதனைகளுக்காகச் செலவாகும் நிமிஷங்கள் அவளுடைய ஆயுளில் சேரும். அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மலைமக்களில் பலருக்குச் சேலந்தான். இத்தனை தூரத்தையும், இடையிலே மாறும் வண்டிகளையும், மாறும் டாக்டர்களையும் தாண்டி அறுபடாமல் செல்லக்கூடிய குறிப்பு வேண்டுமானால் அது கணினிக் குறிப்பாகத்தான் இருக்கமுடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ சென்று சில மாதங்கள் தங்க நேரும் காசநோயாளி ஒருவரின் மாத்திரைக் கணக்குக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆனால் குறிப்பு மலையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அதை மலைமேல் ஒருவர் எழுதவேண்டுமே! எழுதுகிறவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர், மக்கள் வாயில் ‘நர்ஸம்மா’. கைப்பேசி அலை எட்டாத குக்கிராமங்கள் கொல்லிமலையில் இன்றும் உள்ளன. அங்கே பார்த்ததை முதலில் ரிஜிஸ்தரில் எழுதி, டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்தபின் மறுபடி கணினியில் ஏற்றவேண்டும். ஒரே காரியத்தை இருமுறை செய்யும் இந்த உழைப்புக்கு நேரம் எங்கிருந்து வருகிறது? நோயாளியோடு பேசவேண்டிய நேரத்திலிருந்துதான் வருகிறது. இது மலைக்கே உரிய குறையுமன்று. அமெரிக்காவில் 57 மருத்துவர்களின் அன்றாட வேலையை உடனிருந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நோயாளியை நேரில் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிக் குறிப்பேட்டுக்கும் மேசை வேலைக்கும் போகிறதென்று கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் புகழ்பெற்ற ஏப்ரஹாம் வர்கீஸ் என்ற வைத்தியர், 2008-இல் எழுதிய கட்டுரையில், படுக்கையில் கிடக்கும் மனிதரை விட்டுவிட்டுத் திரைக்குள் இருக்கும் அவருடைய பிரதிமைக்கே இளம் மருத்துவர்கள் சிகிச்சை செய்யப் பழகுகிறார்களே என்று மனம் வருந்தினார். தன்னைப் பரிசோதிக்கும் டாக்டர் தனக்கு முதுகைக் காட்டியபடி கணினியில் எழுதிக்கொண்டிருப்பதாக ஏழு வயதுச் சிறுமியொருத்தி வண்ணக்கோலால் வரைந்த சித்திரத்தை 2012-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. அந்தக் குழந்தை கண்டதை நாமும் காணாமலிருக்க முடியாது.

நகரத்து நோயாளி டாக்டரின் முகம் திரும்பாவிட்டால் தொண்டையைக் கனைத்தாவது தன் குறையைச் சொல்லிவிடுவார். மலையாளிப் பெண்கள் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். கேட்டால் மட்டும் விடை சொல்வதும், அந்த விடையையும் தயங்கிச் சொல்வதும், வலியைக் காட்டிலும் வெட்கத்தைப் பெரிதாக எண்ணுவதும் அவர்கள் இயல்பு. வெள்ளைப்படுவதையோ, கருக்கலைந்ததையோ, வீட்டில் அடிபட்டதையோ அத்தகைய பெண் சொல்லவேண்டுமானால், எதிரே இருப்பவர் அவள் முகத்தைப் பார்த்து, சற்று மௌனமாக இருந்து, அதன்பிறகு கேட்கவேண்டும். திரையில் நிரப்பவேண்டிய கட்டங்கள் வரிசையாகக் காத்திருக்கையில் அந்த மௌனத்துக்கு இடமேது? கட்டத்தில் கேட்கப்படாதது சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாதது நோயே இல்லை என்று ஆகிவிடுகிறது. தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கியில், அதே மலையாளி மக்களிடையே 1993 முதல் தொண்டாற்றிவரும் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற வைத்தியத் தம்பதியர், அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கியதன் மகத்துவம் இந்த இடத்தில் விளங்கும். தன் பேச்சும் தன் ஜாடையும் அறிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தால், குறிப்பைக் கணினியில் எழுதினாலென்ன, கையால் எழுதினாலென்ன, எழுதப்படுவது உண்மையாக இருக்கும்.

இனி, எண்களைப் பற்றிய விஷயத்துக்கு வருவோம். குறிப்பேட்டுக்கு ஓர் எண் அவசியம். எண் இல்லாவிட்டால் ஒரே ஊரிலுள்ள ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய முடியாது. ஆனால் அந்த எண் பிறக்கப் பெரும்பாலும் ஆதார் வேண்டும், ஆதாரோடு இணைந்த கைப்பேசி வேண்டும், அதற்கு ஓடிபி வரவேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி புருஷனோடு வெளியூர்த் தோட்டத்தில் இருக்கையில் அந்த ஓடிபி யாருக்கு வரும்? ஆபா எண் பெறுவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்று அரசே சொல்லியிருக்கிறது. பிக்மி எண்ணின் நிலைமை வேறு. மகப்பேறு நிதியுதவிக்கு அது வேண்டும். 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேட்கப்பட்டு வருகிறது. கர்ப்பிணிகள் அனைவரும் பதிவுக்குள் வரவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடே இது. பெரும்பாலோர் வரவும் செய்தார்கள். ஆயினும் வரத் தயங்குகிறவர் யார் என்று நாம் கேட்கவேண்டும்.

மலைநாடுகளில் இளவயதுத் திருமணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பிணியாகப் பதிவுக்கு வந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, அதை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குழந்தைகளைக் காக்கும் அந்தச் சட்டத்தை நான் குறை கூறவில்லை. அது வேண்டிய சட்டம். ஆனால் ஆதாரில் உள்ள பிறந்த தேதி கணினியில் ஏறிய மறுகணமே தன் கணவன் சிறைக்குப் போவான் என்று அஞ்சுகிற பதினாறு வயதுப் பெண்ணின் நிலையை எண்ணிப்பாருங்கள். அவள் மூன்றாம் மாதத்தில் வரமாட்டாள். எட்டாம் மாதத்தில் வரலாம், அல்லது வலி மிஞ்சியபின் வரலாம். எல்லோரிலும் அதிகமான அபாயத்தில் இருக்கும் உடலே குறிப்பேட்டுக்குள் கடைசியாக வருகிறது. கருக்கலைப்புக்கு வரும் இளம்பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தம் அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட் கூறியது. பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கும் அத்தகைய கருணை நீளவேண்டுமென்பது என் அபிப்பிராயம். சிகிச்சைக்கான பதிவும் விசாரணைக்கான பதிவும் ஒன்றாகவே இருக்கும் வரையில், நோயாளி அதனிடம் மனந்திறக்கமாட்டாள்.

அந்தரங்கத்தைப் பற்றி நகரத்தார் பேசும்போது, தொலைதூரத்துத் திருடரையே பெரும்பாலும் மனத்தில் கொள்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டும் கேஸ் ஷீட்டும் கையாலேயே எழுதப்பட்டன. 2020-இல் பின்லாந்து நாட்டில், வஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிலையத்தின் குறிப்புகளைத் திருடியவன், நோயாளிகளுக்கே கடிதம் எழுதிப் பணம் கேட்டு மிரட்டினான். ஆனால் கொல்லிமலை ஊரொன்றில் ஒருவருக்கொருவர் உறவினர்; வீடு தேடி வரும் தன்னார்வலரும் அதே ஊர்க்காரர். காசநோய் என்றோ, மனநோய் என்றோ, குழந்தைப்பேறு இல்லையென்றோ அவர் கருவியில் பதியும் ஒரு வார்த்தை, சம்பந்தம் பேச வருகிறவர் காதை எட்டிவிடுமோ என்ற பயம் டெல்லித் திருடனைப் பற்றிய பயத்தைவிடப் பெரிது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எஸ்தோனியா என்ற சிறு நாட்டில், 2008 முதல் நடந்துவரும் தேசியக் குறிப்பேட்டில், தன் ஏட்டை யார் எப்போது பார்த்தார் என்பதை ஒவ்வொரு குடிமகனும் தானே பார்த்தறியலாம். நம் நாட்டுக்கும் இது ஆகாத காரியமன்று. வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த நோயாளிக்கு மட்டுமன்றி, கேட்கத் தெரியாதவளுக்கும் நர்ஸம்மா அதை வாசித்துக் காட்டும் ஏற்பாடு வேண்டும்.

ஏடு நோயாளியிடம் திரும்பினால் என்ன நேரும் என்பதற்குச் சோதனை நடந்திருக்கிறது. 2010-இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள், தாங்கள் எழுதிய குறிப்புகளை நோயாளிகளே படிக்கத் திறந்துவிட்டார்கள். நோயாளிகள் கலங்குவார்கள், கேள்வி கேட்டே நேரத்தைக் கவர்வார்கள் என்று பலர் அஞ்சினார்கள். ஓராண்டுக்குப் பின், மருந்துண்போரில் 60 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் முன்னைவிட ஒழுங்காக மருந்துண்பதாகச் சொன்னார்கள். நோயாளிகளில் 99 சதவீதத்தினர் இது தொடரவேண்டும் என்றார்கள். அங்கே குறிப்பு எழுதப்பட்ட பாஷை நோயாளியின் பாஷை. இங்கே மாத்திரைச் சீட்டு முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரையில் யாவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன; அவற்றைக் கைப்பேசித் திரையில் திறந்து வைத்தாலும் செம்மேட்டுச் சந்தைக்கு வருகிறவருக்குப் பிரயோஜனம் என்ன? கணினி மனம் வைத்தால் ஒரே சொடுக்கில் அதைத் தமிழில் அச்சிட்டுத் தரும். கையால் எழுதிய காலத்தில் செய்யமுடியாத ஒன்றைச் செய்யும் வல்லமை வந்த பிறகும் அதைச் செய்யாமலிருப்பதே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

மலைக்கேற்ற கருவி இல்லை என்ற சமாதானமும் செல்லாது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்னும் ஊரில், டெல்லி எய்ம்ஸில் பயின்ற மருத்துவர்கள் நடத்தும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்கென்று உருவான ‘பாம்னி’ என்ற மென்பொருள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு கணினியில் நிறுவி நடத்தத்தக்கது. யாரும் விலையின்றி எடுத்தாளக்கூடியது. பழங்குடியினரும் ஏழை விவசாயிகளும் வரும் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்காகப் பிறந்த அது இன்று பல நாடுகளில் வழங்குகிறது. ஏழையின் தேவையை முதலில் வைத்துச் செய்த கருவி எல்லோருக்கும் உதவும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

கொல்லிமலையைப் பொறுத்தவரையில் என் தீர்ப்பு இது: கணினிக் குறிப்பேடு அங்கே மேல்நோக்கிச் செல்லும் பாதையாக அமைந்துவிட்டதேயன்றி, நோயாளியிடம் திரும்பும் பாதை இன்னும் போடப்படவில்லை. செவிலியர் எழுதியது மாவட்டத்துக்குச் செல்கிறது, மாவட்டத்திலிருந்து சென்னைக்குச் செல்கிறது, கணக்காகிறது, திட்டமாகிறது, இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எவள் உடலிலிருந்து அந்த எண்கள் எடுக்கப்பட்டனவோ அவள் கையில் பழைய நோட்டும் இல்லாமல் புதிய ஏடும் இல்லாமல் நிற்கும் நிலை வரக்கூடாது. அலை இல்லாத ஊரிலும் இயங்கி, அலை கிடைத்ததும் தானே சேர்ந்துகொள்ளும் முறை வேண்டும். இருமுறை எழுதும் வேலை ஒழிந்து செவிலியரின் நேரம் நோயாளிக்குத் திரும்பவேண்டும். எண் இல்லை என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது. ஒவ்வொரு வருகையின் முடிவிலும் பெரிய எழுத்தில், எளிய தமிழில், ஒரு தாள் அவள் கைக்கு வரவேண்டும். அந்தத் தாள் கிடைக்கும் வரையில் பழைய நோட்டை யாரும் பறிமுதல் செய்யவேண்டாம் என்று சுகாதாரத் துறையினரைப் பணிவோடு வேண்டுகிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் மருத்துவர்களுக்குக் கட்டளையிடுகின்றன. மலையிலிருந்து சிகிச்சைக்காக இறங்கி வருகிறவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் சந்திக்க நேர்ந்தால் இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவராயின் அந்த விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.